பதினோரு குழிகள்

குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்த வாரம் அது. நவம்பர் தொடக்கம். முந்தின வாரம்வரை ஆறு மணிக்கு இருந்த வெளிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஐந்து மணிக்கே தெரு இருட்டிக் கிடந்தது. மழை வேறு. பெய்தும் தொலைக்காமல் நின்றும் தொலைக்காமல் மூன்று நாளாக நசநசத்துக்கொண்டிருந்தது.

பால்டிமோரில் நாங்கள் இருக்கும் ஹாம்ப்டன் பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கட்டியவை. இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். எனக்கும் டெல்பர்ட் நவோட்னிக்கும் நடுவில் இருப்பது ஒரு வரிசைச் செங்கல். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தாளித்தால் அவர்களுக்கு மணக்கும். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். தணிகைவேல் என்ற என் பெயர் டானியாகி, அதுவும் பழகிப்போய்விட்டது.

டெல், அவன் மனைவி கோரின், நான், மூவருக்கும் ஒரே இடத்தில் வேலை. பூங்காவுக்குள் இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டி மேடேறினால் நிலையம். விண்வெளித் தொலைநோக்கி அனுப்புவதை வாங்கி ஊருக்கெல்லாம் காட்டுகிற இடம். டெல் படம் செய்பவன். கோரின் படத்துக்கு வார்த்தை எழுதுபவள். மக்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடுவது நான்.

படம் ‘செய்வது’ என்றுதான் டெல் சொல்வான், எடுப்பது என்று சொல்ல விடமாட்டான். மேலேயிருந்து வருவது சாம்பல் நிறத்தில் ஐந்தாறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு வகை ஒளி. அவற்றுக்கு நிறம் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கருவி உண்டாக்கிய கறைகளைத் துடைத்தால்தான் படம். அதில் பெரிய நட்சத்திரங்களால் ஒரு தொல்லை உண்டு. வெளிச்சம் தாங்கமுடியாத அளவுக்கு வந்தால் கருவி திணறிப்போய், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதிவிடும். ஆகவே எது மிகப் பிரகாசமோ அதன் நட்டநடுவில்தான் ஒரு கருப்புப் பொட்டு விழும். அதைத் தேடிப் பிடித்து வெள்ளையால் நிரப்ப வேண்டும். குழி அடைப்பது என்று அதற்குப் பெயர். “நம்ம தெருவுல எல்லாரும் சேந்து விழுந்த குழிய விட நான் ஒருத்தன் அடைச்ச குழி ஜாஸ்தி” என்பான் டெல்.

கோரின் எழுதுவது பார்வை இல்லாதவர்களுக்கு. அவர்களுடைய கணினி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பெரியதிலிருந்து தொடங்க வேண்டும். அழகு, அற்புதம் என்று எழுதக் கூடாது. எண்ணக்கூடியதாக இருந்தால் எண்ணிச் சொல்ல வேண்டும். எழுதியதை அவள் முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் டெல்லுக்குப் படித்துக் காட்டுவாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். “இளஞ்சிவப்பா? எந்த இளஞ்சிவப்பு? வேகவெச்ச இறால் மாதிரியா, ஈறு மாதிரியா?” என்று கேட்டு உயிரை எடுப்பான். அவள் பேனாவை அவன்மேல் எறிவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துக்கொள்வேன்.

இரண்டு வருடமாக அது நின்றுபோயிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கோரினுக்கும் தெரியாது. முழங்கால் வலி என்று டெல் காரை விற்றுவிட்டான். வாரத்தில் பாதி நாள் மாடி அறையில் உட்கார்ந்தே வேலை செய்தான். கோடையில் ஒருநாள் முகப்பில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கோரின், என்னைப் பார்க்காமலே, “இந்த வீட்ல ரெண்டு வாடகைக்காரங்க இருக்கோம் டானி. வீட்டுக்காரர் யாருன்னுதான் தெரியல” என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை மூன்று மணி இருக்கும். கோரின் தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள்.

“கொஞ்சம் வாயேன் கண்ணு.”

இந்தத் தெருப் பெண்கள் தபால்காரரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் குரல் சரியாக இல்லை. போனேன். திரையில் வியாழக்கிழமை வெளியாக வேண்டிய படம். புதிதாக நட்சத்திரங்கள் பிறக்கும் ஒரு வாயு மேகம். பழுப்பும் நீலமுமாக, மழை விட்ட பிறகு மலைச்சரிவில் புகை ஏறுவது போல.

“பெரிய நட்சத்திரத்த மட்டும் பாரு.”

பார்த்தேன். நடுவில் கருப்பு. அடுத்ததிலும் கருப்பு. ஊசியால் குத்தியது போல ஒவ்வொன்றிலும்.

“குழி அடைக்கல” என்றேன். “முடிக்காத படத்த அனுப்பிட்டான் போல.”

“முடிச்சாச்சுன்னு கையெழுத்து போட்டிருக்கான். பதினொண்ணு. எண்ணிட்டேன். ஒண்ணு ரெண்டு விட்டா அசதின்னு சொல்லலாம். பதினொண்ணையும் எப்படி டானி விடுவான்?”

“இமானி பாத்தாளா?”

“அவ புதன்கிழமை காலைலதான் ஊர்ல இருந்து வர்றா.”

இமானி எங்கள் பிரிவுக்குத் தலைவி. அவள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் எதுவும் வெளியே போகும். கோரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் யாரோ காப்பி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீ இன்னிக்கு எங்க வீட்ல சாப்பிடு” என்றாள். “தனியா அவன்கிட்ட கேக்க எனக்கு பயமா இருக்கு.”

புளிக்கவைத்த முட்டைக்கோஸோடு தொத்திறைச்சியை வேகவைத்திருந்தாள். டெல்லின் அம்மா வழிச் சமையல். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. டெல் என்னைப் பார்த்ததும், “என்ன, உன் வீட்ல அடுப்பு செத்துப்போச்சா?” என்றான்.

“உன் பொண்டாட்டி கூப்பிட்டா.”

“அப்ப ஏதோ தூக்கணும், இல்ல ஏதோ ஒழுகுது.”

பேச்சு அவ்வளவுதான். மூன்று பேரும் சாப்பிட்டோம். முள்கரண்டிச் சத்தம். மழைத் தண்ணீர் தகரக் குழாயில் இறங்கும் சத்தம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு கோரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தாள்.

“எழுதிட்டேன். படிக்கட்டுமா?”

டெல்லின் முகம் மாறியது. “இப்ப எதுக்கு?”

“சும்மா கேளு.” படித்தாள். “கீழ்ப்பாதி முழுக்கப் பழுப்பு நிற மேகம். மேல் விளிம்பு கிழிந்த துணி போல ஒழுங்கில்லாமல் இருக்கிறது. விளிம்புக்கு மேலே வெளிர் நீலம். படம் முழுக்கச் சிறு ஒளிப்புள்ளிகள். அவற்றுக்கிடையே கதிர்கள் நீண்ட பெரிய நட்சத்திரங்கள் பதினொன்று.” நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருப்புக் குழி இருக்கிறது.”

டெல் அசையவில்லை. நான் மேசைவிரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாத்துலயுமா?” என்றான் கடைசியில்.

“எல்லாத்துலயும்.”

“அது என்னோடதுன்னு நெனச்சேன்.”

“என்ன உன்னோடது?”

“அந்தக் கருப்பு.” தன் கண்ணைத் தொட்டுக் காட்டவில்லை. கைகள் மேசைமேலேயே இருந்தன. “எதை நேரா பாத்தாலும் நடுவுல ஒரு கருப்பு இருக்கு கோரின். கடிகாரத்துல இருக்கு, ரொட்டில இருக்கு. அப்ப நட்சத்திரத்துலயும் இருக்கும்ல? இது என் கண்ணுதான், படம் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“எவ்ளோ நாளா?”

“டாக்டர்கிட்ட போனது ரெண்டு வருஷம் முன்னாடி. பஸ்ல போனேன். விழித்திரைல நடுப்பகுதி தேஞ்சுக்கிட்டே போகுதாம். ஓரம் நிக்குமாம். அதனாலதான் எதையும் கொஞ்சம் தள்ளிப் பாக்குறேன். தள்ளிப் பாத்தா தெரியும்.”

கோரின் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“ரெண்டு வருஷமா என்கூட பேசும்போது செவுத்தப் பாத்துக்கிட்டுப் பேசுறே. எவளோ இருக்கான்னு நெனச்சேன்டா. ஒரு மாசம் உன் சட்டைய மோந்து பாத்தேன்.”

“எவ இருக்கா எனக்கு? இந்த வயித்த வெச்சுக்கிட்டு?”

“சிரிக்காத! ஏன் சொல்லல?”

டெல் முகத்தை அவளுடைய இடது தோளுக்கு அப்பால் திருப்பியிருந்தான். அப்படித்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்போது தெரிந்தது.

“சொன்னா நீ எனக்கு எழுத ஆரம்பிச்சிருவே” என்றான். “மேல்பாதில நீலம், கீழ்ப்பாதில பழுப்பு. நான் செய்யுற ஆளு கோரின். எனக்குப் படிச்சுக் காட்டுற நாள் வரக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். டெல்தான் மறுபடி பேசினான். குரல் தாழ்ந்திருந்தது. அவசரமாக இருந்தது.

“நெறமெல்லாம் திரைல நம்பரப் பெருசாக்கி வெச்சு செஞ்சுருவேன். கை மறக்கல. இந்த மாதிரி சின்னச் சின்னதுதான். நீ எங்கன்னு சொல்லு, நான் அடைக்குறேன். இன்னும் அஞ்சு வருஷம். யாருக்கும் தெரிய வேண்டாம்.”

கோரின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. ஆசை இருந்தது. இரண்டு வருடம் கழித்து அவளை அந்த வீட்டில் ஒருவன் கூப்பிடுகிறான். நான் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. மாடி அறையில் இரண்டு நாற்காலி இழுபட்டது. கோரின் குரல்: “மேல. இன்னும் மேல. வலது பக்கம் ஒரு விரக்கடை. உன் விரக்கடை இல்ல, என் விரக்கடை.” டெல் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். “அடைச்சாச்சு! அடுத்தது.” பிறகு, “இது கொஞ்சம் சின்னதா இருக்கு, மேகத்துக்குப் பக்கத்துல. கதிர் கூட இருக்கு பாரு.” “நான் எங்க பாக்குறது? சொல்லு.” மறுபடி சிரிப்பு. கடைசியில் ஒரு புட்டி திறக்கும் சத்தம். நான் விளக்கை அணைத்துவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். மற்றவர்களின் சந்தோஷத்தைச் சுவர் வழியாகக் கேட்பது ஒரு மாதிரியான தனிமை.

மறுநாள் காலை கோரின் புதுப் படத்தைத் திறந்து, தன் தாளில் கருப்புக் குழி என்ற வரியை அடித்துவிட்டு, வழக்கம்போல மறுபடி எண்ணினாள். நான் தேநீர்க் கோப்பையோடு அந்த வழியாகப் போனபோது விரலைத் திரையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“பன்னெண்டு” என்றாள்.

“என்ன பன்னெண்டு?”

“பெரிய நட்சத்திரம். நேத்து மத்தியானம் பதினொண்ணு எண்ணினேன். இப்ப பன்னெண்டு இருக்கு.”

முதல் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். மேகத்தின் விளிம்பை ஒட்டி, அதில் ஒரு சின்ன உருண்டையான கருந்திட்டு இருந்தது. தூசு கெட்டியாகச் சேர்ந்த இடம். பக்கத்து நட்சத்திரத்தின் கதிர் ஒன்று அதன்மேல் குறுக்கே போனது. நேற்றைய சிரிப்பில் அவள் அதையும் ஒரு குழி என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அவன் அதையும் அடைத்திருக்கிறான். வெறுமனே அடைக்கவில்லை. அவன் கைக்கே உரிய முறையில் சுற்றிலும் மெல்லிய ஒளி பரவவிட்டிருந்தான். தூசு இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

“நாங்க ரெண்டு பேரும் சேந்து பெத்தது” என்றாள் கோரின். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மத்தியானம் டெல் ஓடைப் பாலத்தருகே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மழை சற்று விட்டிருந்தது. கோரினோடு நானும் இறங்கிப் போனேன். நனைந்த இலைகள் பாதையில் வழுக்கின. கோரின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

“சாயங்காலம் எடுத்துருவோம்” என்றான்.

“எடுத்துரலாம். அடுத்த படத்துல?”

“அடுத்த படத்துல கவனமா சொல்லு.”

“நான் கவனமாத்தான் சொன்னேன் டெல். எனக்கு அவ்ளோதான் தெரியும். எது தூசி, எது குழின்னு கண்டுபிடிக்குறது உன் வேலை. முப்பது வருஷம் செஞ்சே. நான் எண்ணுறவ.”

“ஒரு புள்ளி கோரின். கோடி புள்ளில ஒரு புள்ளி. யாரு எண்ணப் போறா?”

எனக்கு ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஈஸ்டர் ஞாபகம் வந்தது. ஒரு மங்கல் புள்ளி கருவியின் கறையா, தூரத்து விண்மீன் கூட்டமா என்று முடிவு செய்ய முடியாமல், வீட்டில் பன்னிரண்டு விருந்தாளிகளைக் காக்கவைத்துவிட்டு இரண்டு நாள் நிலையத்திலேயே கிடந்தவன் இவன். கோரின் விருந்துக்குச் செய்த ஆட்டுக்கால் வறுவலை டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்து, திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் எண்ணப் போகிறார்கள் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

அவள் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து, பாவாடையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டாள்.

“எடுக்க வேண்டாம். இமானி வரட்டும்” என்றாள்.

“கோரின்.”

“உன்னப் பத்தி நான் போய்ச் சொல்றதா, நீ போய்ச் சொல்றதா?”

“சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? மாடில உக்காந்து ரேடியோ கேக்கணும். நேத்து எவ்ளோ நல்லா இருந்துச்சு. உனக்கு நல்லா இல்லையா?”

“இருந்துச்சு” என்றாள். “அதான் பயமா இருக்கு. தினமும் அப்படியே நல்லா இருந்துட்டு, தினமும் ஒண்ணு சேத்துக்கிட்டே போயிருவோம்.”

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. படி ஏறும் காலடி ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

புதன்கிழமை காலை ஒன்பது மணிவரை கோரின் காத்திருந்தாள். டெல் வரவில்லை. பிறகு தானே இமானியின் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கதவு. உள்ளே பேச்சு கேட்காது. ஈர மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த இமானி மெதுவாக உட்கார்வதைப் பார்த்தேன். கோரின் விரல்களால் எண்ணிக் காட்டினாள்.

பதினோரு மணிக்கு டெல் வந்தான். இமானி அவனை வாசலிலேயே போய்ப் பார்த்தாள். எனக்குக் கேட்கும் தூரம்தான்.

“டெல், எனக்கு வேலை கத்துக் குடுத்தது நீங்க. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பே?”

இமானி கொஞ்சம் யோசித்தாள். “இப்ப செய்யப் போறதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.”

“நேர்மையா சொல்றே. அதையும் நான்தான் கத்துக் குடுத்தேன் போல.”

இரண்டு வருடப் படங்களையும் வேறு ஆள் எடுத்துச் சரிபார்ப்பது என்று முடிவானது. கோரின் எழுதுவதைக் கேட்டுத் திருத்திச் சொல்லப் பார்வை இல்லாத ஒருவர் வேண்டும், அந்த வேலைக்கு வருகிறீர்களா என்று இமானி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்த அளவுக்கு நான் இன்னும் குருடாகல” என்றான் டெல். மேசையிலிருந்து தன் காப்பிக் குவளையை மட்டும் எடுத்துக்கொண்டான். கோரினின் மேசையைத் தாண்டும்போது நிற்கவில்லை. அவள் தலையைத் தூக்கவில்லை. படப் பிரிவின் சின்னப் பையன்கள் இருவர் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டாவதைத் துடைத்துவிட்டு, தூசு இருந்த இடத்தில் தூசை வைத்தார்கள்.

சாயங்காலம் நண்டு சூப் கொஞ்சம் இருக்கிறது, வந்து போ என்று கோரின் சுவரைத் தட்டினாள். போக மனமில்லை. போனேன். இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று அவள் நினைத்திருப்பாள். சூப்பில் காரம் தூக்கலாக இருந்தது. யாரும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர் குடையை உதறிவிட்டு உள்ளே போனார்.

டெல் கரண்டியைக் கீழே வைத்தான்.

“நாளைக்கு படம் எத்தனை மணிக்கு?” என்றான்.

“பத்து மணிக்கு.”

“என்ன எழுதியிருக்கே?”

“முன்னாடி படிச்சதுதான்.”

“எத்தனைன்னு எழுதியிருக்கே?”

“பதினொண்ணு.”

தலையை ஆட்டினான். அவள் எழுந்து அவன் கிண்ணத்தை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் சூடாவதற்காக விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். டெல் அவள் நின்ற பக்கம் பார்க்காமல், அடுப்புக்கு மேலே எங்கோ பார்த்தான். அப்படியென்றால் அவளைத்தான் பார்த்தான்.

“கோரின்.”

“ம்.”

“அந்தப் பன்னெண்டாவது. எப்படி இருந்துச்சு?”

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியில் அவள் முகமும் தெரியவில்லை.

“மத்ததையெல்லாம் விட நல்லா இருந்துச்சு” என்றாள்.